வளைவுக்குப் பத்து மார்க்

அத்தியாயம் 9

‘கோலத்தக் கூடவா சுடுவாங்க? அடுத்தது இன்னா, எதிர் வூட்டுக்காரி வாசல்ல தெளிச்ச தண்ணியா?’

இதை எழுதினவன் யாரென்று எனக்குத் தெரியாது. அதற்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். ‘ஏரிக்கரை கலைஞர்கள்’ என்கிற ஃபேஸ்புக் குரூப்பில், எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தி வைத்த பதிவு அது. ‘திருட்டுப் படைப்பு, தகுதி நீக்கம்’ என்று சிவப்பு எழுத்து. கீழே ஒரு பெண்ணின் முகம், முழுப் பெயர், ஊர்ப் பெயர். கொலை செய்தவனைக்கூட முகத்தில் துணியைப் போட்டுத்தான் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். கோலம் போட்டவளுக்கு அந்த மரியாதையும் இல்லை.

அந்தச் சிரிப்புகளில் ஒன்று என்னுடையது. மூன்று நாளைக்கு முன் டீக்கடையில் உட்கார்ந்து யோசிக்காமல் அமுக்கினது. முகத்தையே பார்க்கவில்லை. இப்போது அந்த முகம் எங்கள் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது. என் கோபத்தில் பாதி ஊர்மேல், பாதி என்மேல்.

எங்கள் என்றால் பர்வின் மேடமும் நானும். வில்லியனூர் கடைத்தெருவில் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ‘பர்வின் துப்பறியும் நிலையம்’. மேடம் பத்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வழக்குகளை நோண்டினவர். லாரி இடது பக்கம் இடித்தால் வண்டி வலது பக்கம் எப்படி நசுங்கும் என்று கேட்டுக் கேட்டே பலருடைய தூக்கத்தைக் கெடுத்தவர். நான் அரிகரன். ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ வாங்குவது, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என் இலாகா. கோபம் வந்தால் எனக்கு வாய் நீளும். மேடத்துக்குக் குரல் இறங்கும். அன்று காலை ஒன்பதரைக்கே அவர் பேசுவது மேஜைக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

“மொதல்லேர்ந்து சொல்லுங்கக்கா.”

கனகாம்பாளுக்கு நாற்பது வயசு இருக்கும். மடுகரையில் இரண்டு காணி கரும்பு, ஒரு மாடு, புருஷன், காலேஜ் படிக்கிற ஒரு பெண். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“ஏரிய வச்சி இன்னா வேணா செஞ்சி போட்டோ அனுப்பலாம்னு அந்த குரூப்புல போட்டி வச்சாங்கம்மா. மண்ணு பொம்ம, பென்சிலு, கம்ப்யூட்டர் படம், தையலு, கோலம், எல்லாம் ஒண்ணாத்தான். மூணு நடுவருங்க மார்க் போடுவாங்களாம். நான் சிக்குக் கோலம் போட்டேன். பாகூர் ஏரி, கரை, கொக்கு, எல்லாம் ஒரே இழையில வரும். நானா கண்டுபுடிச்ச கோலம். பதினாலாம் தேதி அனுப்பினேன். அரியாங்குப்பத்துல ஒரு புள்ள குழந்தைவேலுன்னு, அதே கோலத்த கம்ப்யூட்டர்ல வரைஞ்சி பதினொண்ணாம் தேதியே போட்டுகினு இருக்குது. அதனால நான் திருடியாம்.”

“அதுக்கு முன்னாடி நீங்க இந்தக் கோலத்த போட்டதுண்டா?”

“ஒம்பதாம் தேதி ஒத்திகைக்குப் போட்டேன். ஒத்திகைக்கு நான் எதுக்கும்மா போட்டோ புடிக்கறேன். சாட்சி இன்னான்னு கேக்கறாங்க. பத்து மணிக்கு எறும்பு தின்னுட்டு போய்டுச்சி. எறும்பையா கூட்டியார முடியும்?”

“கூட்டியாந்தாலும் அது சாப்புட்ட வூட்டுக்குத்தான் சாட்சி சொல்லும்னுவாங்க” என்றேன் நான்.

மேடம் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

“இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பரிசு” என்றார் கனகாம்பாள். “ஏரிக்கரை பஸ் ஸ்டாப்புல புதுசா கட்டின செவுத்துல மொதப் பரிசு படத்த வரையறாங்க, கீழ பேரு எழுதி. எம்பொண்ணு காலேஜுக்கு அங்கதான் பஸ்ஸு மாறணும். அவ அம்மா கோலத்துக்குக் கீழ எவன் பேரோ இருக்கும், அதப் பாத்துகினே நிக்கணும். இப்பவே ரெண்டு நாளா காலேஜு போகல. கூடப் படிக்கறதுங்க ‘கோலத் திருடி பொண்ணு’ன்னு கூப்புடுதுங்களாம்.”

மேடம் இரண்டு படங்களையும் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கம் குழந்தைவேலின் டிஜிட்டல் படம், கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு, பளபளவென்று. வலது பக்கம் சாணி தெளித்த வாசலில் கனகாம்பாளின் கோலம், ஓரத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம், அதில் பூவும் விளக்கும். மற்றபடி அச்சு அசல்.

“அரி, புள்ளிய எண்ணு.”

“பதினஞ்சுக்குப் பதினஞ்சு. எரநூத்தி இருவத்தஞ்சு. எண்ணணுமா இன்னா?”

“எண்ணுன்னேன்.”

டிஜிட்டல் படத்தை இரண்டு தரம் எண்ணினேன். இருநூற்று இருபத்து நாலு. கீழிருந்து நாலாவது வரிசை, வலது ஓரத்திலிருந்து மூன்றாவது இடம். அங்கே புள்ளி இல்லை. வருகிற கோடு அந்த வெற்றிடத்தைச் சுற்றி வளைந்து போய் மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டது. கனகாம்பாளின் போட்டோவில் சரியாக அதே இடத்தில்தான் தாம்பாளம் இருந்தது. காப்பி அடித்துவிட்டு வித்தியாசம் காட்டத் தாம்பாளத்தை வைத்துவிட்டாள் என்று குரூப்பில் ஒரு மேதாவி எழுதியிருந்தான்.

“அக்கா, தாம்பாளத்துக்கு அடியில இன்னா இருக்குது?”

“அதாம்மா, தண்ணிக் கொழாவுக்கு வால்வு இருக்குது. அதுக்கு இரும்பு மூடி. இரும்பு மேல மாவு நிக்காது, காத்து அடிச்சா பறந்துடும். அதனால அந்தப் புள்ளிய வுட்டுட்டு சுத்திகினு போய்டுவேன். பதினோரு வருஷமா அந்த எடம் வந்தா கை தானா திரும்பிடும். போட்டோவுக்கு மூடி தெரிஞ்சா நல்லா இருக்காதேன்னுதான் தாம்பாளத்த வச்சேன்.”

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

“கம்ப்யூட்டர்ல புள்ளி வைக்கறவன் ஒரு வரிசைய வச்சி பதினாலு தரம் ஒட்டுவான். அவனுக்கு ஒரு புள்ளி எப்டிடா குறையும்?”

“அவன் டேப்லட்லயும் வால்வு மூடி இருக்குமோ மேடம்.”

“வண்டிய எடு.”

*

மடுகரை வாசல் மேடம் எதிர்பார்த்தபடியே இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு இரும்பு மூடி, வாசலின் வலது பக்கம், துருப்பிடித்து. கனகாம்பாள் பேசிக்கொண்டே குனிந்து நாலு வரிசைப் புள்ளி வைத்துக் காட்டினார். மூடி வந்ததும் கை நிற்கவே இல்லை, அதுபாட்டுக்குத் தாண்டிப் போயிற்று. அந்தக் கையைப் பார்த்த பிறகும் ஒருவன் இவரைத் திருடி என்று சொன்னால் அவனை அந்த வால்வுக்குள் இறக்கி மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மேடத்திடம் சொன்னேன்.

“எறக்கலாம். ஆனா ‘எம் படத்தப் பாத்துத்தான் அவ வாசல்ல அந்த மாதிரி போட்டா’ன்னு திருப்பிச் சொல்வான். ஒம்பதாம் தேதி இங்க யாரு வந்தான்னு தெரியணும்.”

கனகாம்பாள் இடுப்பில் கை வைத்து யோசித்தார்.

“எதிர் வூட்ல காது குத்தும்மா அன்னிக்கு. தெருவே ஜனம். யாரோ வெளியூரு ஆளுங்க நாலஞ்சு பேரு கோலத்த போன்ல புடிச்சாங்க. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துது. ஒரு தறுதல மட்டும்...” முகம் இறுகியது. “வாசல் ஈரம். சைடு ஸ்டாண்டு மண்ணுல எறங்கி வண்டி சாய்ஞ்சிடும் பாரு, அதுக்கு அந்தாளு சரியா இந்த மூடி மேல ஸ்டாண்டப் போட்டுட்டு எறங்கறான். பின் சக்கரம் என் கொக்கு மேல நிக்குது. நல்லா கேட்டுட்டேன். கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குதுன்னு. பந்தல்ல இருந்த அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. வண்டிய எடுத்துகினு வேற எடம் பாத்துப் போய்ட்டான்.”

“ஆளு எப்டி இருந்தான்?”

“யாருக்குத் தெரியும். நான் சக்கரத்தப் பாத்துகினுதான் திட்டினேன்.”

எதிர் வீட்டில் விசாரித்தோம். காது குத்துக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள், கோலத்தைப் படம் பிடித்தவர்கள் யாரென்று அவர்களுக்கும் தெரியவில்லை. குழந்தைவேல் என்று அரியாங்குப்பத்திலிருந்து ஒருத்தரும் வரவில்லை. மணி பன்னிரண்டு.

*

குழந்தைவேல் அரியாங்குப்பத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தான். இருபத்தைந்து வயசு, கையில் ஸ்குரூ டிரைவர், நெற்றியில் திருநீறு, திருட்டு முழி என்று நான் எதிர்பார்த்து வந்த முழி இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“ஒம்பதாம் தேதி தம்பி எங்க இருந்தாரு?” என்று முதலாளியிடம் கேட்டார் மேடம்.

“இங்கதான். இவன் லீவு போட்டா நான் கடைய இழுத்து மூடணுங்க. நாலு மாசமா போடல.”

மேடம் டிஜிட்டல் படத்தை அவன் முன் வைத்தார். “அழகா இருக்குதுப்பா. மொத்தம் எத்தினி புள்ளி?”

“புள்ளியா... நெறைய இருக்கும் மேடம்.”

“இங்க ஏன் கோடு இப்டி வளையுது?”

அவன் முகம் மலர்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன்போல் சொன்னான். “அது ஏரியோட மதகு மேடம். தண்ணி வெளிய போற வழி. நடுவரே ஸ்பெஷலா பாராட்டியிருந்தாரு.”

“சரி. மதகு வேணாம். அந்த வளைவ எடுத்துட்டு மீதி அப்டியே வர்ற மாதிரி மாத்திக் குடு.”

டேப்பை எடுத்தான். வளைவை அழித்தான். ஒரு புள்ளி வைத்தான். கோட்டின் இரண்டு நுனிகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. நேராக இழுத்துச் சேர்த்தான், பக்கத்துப் புள்ளி வெளியே விழுந்தது. அதைச் சுற்றினான், கொக்கின் கழுத்து அறுந்தது. பத்து நிமிஷம். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்தது.

“கொக்கு செத்துடுச்சி தம்பி” என்றேன். “எடுத்து அடக்கம் பண்ணிடலாம்.”

“படத்த எங்கேர்ந்து எடுத்த?” மேடத்தின் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

“நெட்ல மேடம்.”

“நெட்ல எங்க?”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி விழுங்கினான். எனக்குக் கை பரபரத்தது. மேடம் எழுந்துவிட்டார்.

“அஞ்சு மணிக்குப் பரிசு வாங்க வருவ இல்ல? வா. வராம இருந்துடாத.”

வெளியே வந்ததும் கத்தினேன். “பிடிச்சாச்சு மேடம். இன்னும் ரெண்டு நிமிஷம் வுட்டிருந்தா கக்கியிருப்பான்.”

“எவனோ குடுத்ததத்தான் கக்குவான். இவன் மடுகரைக்குப் போகல, கோலத்தப் பத்தி ஒண்ணும் தெரியல. படத்துமேல கோடு இழுத்திருக்கான், அவ்ளோதான். குடுத்தவன் பேரு வரணும். பேரச் சொல்ல பயப்படறான்னா, குடுத்தவன் இவனுக்கு மேல நிக்கறவன்.”

*

குரூப்பின் அட்மின் பலராமன் பாகூரில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருந்தார். பிறந்த நாள், இறந்த நாள், காது குத்து எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சிரிப்புதான் உண்டு. எங்களைப் பார்த்ததும் அதைப் போட்டார்.

“நடுவர் தீர்ப்பே இறுதியானதுங்க. விதிமுறையில இருக்குது.”

“மார்க் போட்டது நடுவர்” என்றார் மேடம். “ஒரு பொம்பளைய மூஞ்சியோட திருடின்னு போட்டது நடுவர் இல்ல. நீங்க. நாளைக்குக் கேஸுன்னு வந்தா உங்க பேருக்குத்தான் வரும்.”

சிரிப்பு இறங்கியது. மார்க் ஷீட்டுகள் வெளியே வந்தன. முதன்மை நடுவர் மாரிமுத்து, தனியார் பள்ளி டிராயிங் மாஸ்டர். அவர் மார்க்குக்கு இரட்டை மதிப்பு. போட்டோவை மட்டும் பார்த்து மார்க் போட வேண்டும், போட்டியாளர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக வெறும் எண்தான் அனுப்புவார்கள் என்று பலராமன் பெருமையாகச் சொன்னார். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் அவரிடம் மட்டும் இருந்தது, அதையும் கொடுத்தார்.

நான் மாரிமுத்துவின் ஷீட்டைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ரத்தம் மேலே ஏறியது. பனித்திட்டு கிராமத்திலிருந்து ஒரு பெண் சிப்பிகளை ஒட்டி அலைக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு படகைச் செய்திருந்தாள். ‘கைத்தொழில். கலை அல்ல. 4.’ துணியில் ஏரி தைத்தவளுக்கு, ‘தையல் வகுப்புக்குப் பொருத்தம். 3.’ பென்சில் படம், சுமார்தான், அதற்கு ‘முறையான பயிற்சி தெரிகிறது. 8.’ அப்புறம் குழந்தைவேல்: ‘ஏரி மதகை ஒரே வளைவில் காட்டிய கற்பனை அபாரம். 10.’

கடைசியில் கனகாம்பாள்.

“கேளுங்க மேடம். ‘கோடு ஓரிடத்தில் கோணல். தாம்பாளம் வைத்து வால்வு மூடியை மறைத்தது நேர்மையற்ற உத்தி. அன்றாட வீட்டு வேலையைப் படைப்பாகக் கருத இயலாது. நிலைத்தன்மை 0.’ ஒரே வளைவு. அவன் போட்டா மதகு, இவங்க போட்டா கோணல். அவன் டேப்பு கலை, இவங்க வாசல் வூட்டு வேலை. இந்தாளுக்கு யாரு டிராயிங் சொல்லிக் குடுத்தது?”

மேடம் தாளை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு தரம் படித்தார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“டீ சொல்லுடா” என்றார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் குரல் சாதாரணமாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

*

ஐந்து மணிக்கு ஏரிக்கரை பஸ் ஸ்டாப்பில் ஐம்பது அறுபது பேர். வெள்ளை அடித்த சுவர் தயாராக இருந்தது. பெயிண்டர் ஏணியில் ஏறி உட்கார்ந்து பிரஷ்ஷை நனைத்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் மாட்டின செல்போன் வழியாக இரண்டாயிரம் பேர் குரூப்பில் லைவ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனகாம்பாள் கூட்டத்தின் கடைசியில் மகளோடு நின்றார். அவர்களைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

மாரிமுத்து மைக்கில் பேசினார். ஐம்பது வயசு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, ஒவ்வொரு சொல்லையும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரியான பேச்சு. “வேறு வேறு ஊடகங்களை ஒரே தராசில் நிறுப்பது எளிதல்ல. நடுவருக்குக் கண் மட்டும் போதாது, நேர்மை வேண்டும்.”

கைதட்டல் ஓய்ந்ததும் மேடம் முன்னால் போனார். பலராமன் தடுக்கவில்லை.

“ரெண்டு சந்தேகம் சார். நீங்க போட்டோவ மட்டும் பாத்துத்தான் மார்க் போட்டீங்களா?”

“நிச்சயமாக. யாருடைய படைப்பையும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தால் பாரபட்சம் வரும்.”

“மடுகரைக்குப் போயிருக்கீங்களா?”

“அந்தப் பக்கமே போனதில்லை.”

மேடம் தாளைப் பிரித்தார். “இது உங்க கையெழுத்துதான சார்? ‘தாம்பாளம் வைத்து வால்வு மூடியை மறைத்தது.’ இந்தாங்க, அவங்க அனுப்பின போட்டோ. நல்லா பெருசா எடுத்திருக்கேன். இதுல மூடிய காட்டுங்க.”

கூட்டம் கழுத்தை நீட்டியது. மாரிமுத்து போட்டோவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தாம்பாளம் அந்த மூடியை விளிம்பு தெரியாமல் மூடியிருந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று தன் கையாலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்த மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன். மத்தியானம் அதே வரியை நான் வாய்விட்டுப் படித்திருக்கிறேன். கோபத்தில் கண் தெரியவில்லை.

“ஊகம்தான். எதையோ மறைக்கிறார் என்று...”

“எதையோன்னு ஊகிக்கலாம் சார். குழின்னு ஊகிக்கலாம், கல்லுன்னு ஊகிக்கலாம். வால்வு மூடின்னு அது மேல சைடு ஸ்டாண்டு போட்டவருக்குத்தான் தெரியும்.”

கனகாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மாரிமுத்துவின் முகத்தை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார். “நீதானா அது?”

அந்த ‘நீ’ தாங்கவில்லை அவருக்கு. கரும்பலகைத் தமிழ் கழன்று விழுந்தது. “இன்னா நீ? ஒரு ஸ்டாண்டு பட்டதுக்கு அத்தினி பேரு முன்னாடி இன்னா பேச்சு பேசின. இருவது வருஷமா டிராயிங் மாஸ்டர் நான். ஒரு கோலத்துக்காக என்னப் பாத்து பொடனியில கண்ணான்னு கேட்ட.”

அந்தப் பக்கமே போனதில்லை என்றவர் சொன்னது இது. இரண்டாயிரம் பேர் கேட்டார்கள். பலராமன் லைவை நிறுத்தக் கையை நீட்டினார். நான் ஸ்டாண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். “இருக்கட்டுங்க. சார்ஜ் எம்பது பர்சன்ட் இருக்குது.”

புதுச் சட்டையில் நின்றிருந்த குழந்தைவேல் தலையைத் தூக்கவில்லை. “கோலப் படத்த சார்தான் எனக்கு அனுப்பினாரு. ஸ்கூல்ல எனக்கு மாஸ்டர் அவரு. ‘யாரோடதும் இல்ல, பழைய கோலம், நீ டிஜிட்டல்ல செஞ்சி போடு, பேரு வரும்’னாரு. சத்தியமா அவங்க வரைஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. அவங்க படம் வந்தப்புறம் கேட்டேன். வாய தொறக்காதன்னாரு.”

“பதினாலாம் தேதி தெரிஞ்சுதில்ல?” என்றார் மேடம். “அப்புறம் ஏன் தொறக்கல?”

அவன் மாஸ்டரைப் பார்த்தான்.

“நான் என்ன திருடிவிட்டேன்?” மாரிமுத்து மறுபடி மைக்கைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். “தரையில் கிடந்த மாவு. பத்து மணிக்கு எறும்பு தின்றுவிடும். அதை ஒரு முறையான ஊடகத்துக்குக் கொண்டுவந்து கலையாக்கினேன். என்னால்தான் அது இந்தச் சுவருக்கே வருகிறது.”

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, வயலுக்கு உரம் போட்டேன் என்று சொல்கிறது. எனக்கு வாயில் வந்ததை எழுதினால் இந்தப் புத்தகத்தைக் கடையில் தொங்கவிட மாட்டார்கள்.

கனகாம்பாள் கத்தவில்லை. பெயிண்டரிடம் போனார். தரையில் கிடந்த நீலச் சாக்பீஸை எடுத்தார். சுவரில் கீழ் வரிசையிலிருந்து ஆரம்பித்து மளமளவென்று புள்ளி வைத்தார். இருநூற்று இருபத்தைந்து. ஒன்றுகூட விடவில்லை. பிறகு இழையை இழுத்தார். கரை வந்தது, அலை வந்தது. அந்த இடம் வந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். கோடு வளையவில்லை. அடுத்த புள்ளிக்கு நேராகப் போய், அதற்கேற்ற மாதிரி பக்கத்தில் இருந்த நாலு சுற்றை மாற்றி எடுத்து, கொக்கின் கழுத்தைத் தொட்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிந்தது. பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“அந்த சார இந்த மாதிரி மாத்திப் போடச் சொல்லுங்க” என்றார் மேடத்திடம், மாரிமுத்துவைப் பார்க்காமலே. “கலையாக்கினாரே, அவரே போடட்டும்.”

மாரிமுத்து சுவரைப் பார்த்தார். பைக் சாவியைத் தேடினார். யாரும் அவருக்கு வழிவிடவில்லை, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

பலராமனுக்கு அந்தச் சிரிப்பு திரும்பி வந்திருந்தது. “மொதப் பரிசு உங்களுக்குத்தாங்க. பேரு எழுதிடலாம். கனகாம்பாள், மடுகரை. சரிங்களா?”

“கோலம்னு எழுதுங்க. டிசைனு, கிசைனுன்னு எழுதாதீங்க. அப்புறம் அந்த சிப்பிப் படகு செஞ்ச பொண்ணு, துணி தச்ச பொண்ணு, அவங்களுக்கெல்லாம் வேற ஆள வச்சி மார்க் போடுங்க. அதுல ஒருத்தி என்ன வுட நல்லா செஞ்சிருந்தா இந்த செவுத்த அழிச்சிடுங்க. எனக்கு அதுல வருத்தம் இல்ல.”

“செஞ்சிடலாங்க. மொதல்ல அந்தப் பதிவ எடுத்துடறேன்.” செல்போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றி அவசர அவசரமாகத் தடவினார். “ஒரு நிமிஷம். எடுத்துட்டா எல்லாம் சரியாய்டும்.”

கனகாம்பாள் அவர் கையைப் பிடித்தார். பலராமன் வலியில் முகம் சுளித்தார். கரும்பு வெட்டுகிற கை.

“எடுக்காதீங்க.”

“இல்லங்க, உங்களுக்குத்தான அசிங்கம்...”

“எனக்கா?” அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த கோபம் இப்போதுதான் குரலில் வந்தது. பின்னால் நின்ற மகள் நிமிர்ந்து பார்த்தாள். “நான் போடறதெல்லாம் பத்து மணிக்கு அழிஞ்சிடும், அதான மார்க் குறைச்சீங்க. நீங்க எழுதினது அழியாதில்ல? இருக்கட்டும். அதுக்குக் கீழ நடந்தத எழுதுங்க. சிரிச்ச அறநூறு பேரும் வந்து படிக்கட்டும்.”

பலராமன் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். கனகாம்பாள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கிட்டப் போனேன். “அக்கா, அதுல நானும் ஒருத்தன்.”

திரும்பிப் பார்த்தார். மேடமும் பார்த்தார்.

“அப்ப நீயும் படி” என்றார் கனகாம்பாள்.